மதுராந்தகம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு: விருந்தாளிகளை எங்கே, எத்தனை மணிக்கு அனுப்புவது

சென்னையிலிருந்து தோட்டத்துக்கு வருகிறவர்கள் கையோடு ஒரு பட்டியலும் கொண்டுவருவார்கள். காலையில் வேடந்தாங்கல், மதியம் காஞ்சிபுரம், சாயங்காலம் மாமல்லபுரம். போனில் வழி பார்த்தால் எல்லாம் பக்கம் பக்கம்தான். ஆனால் காஞ்சியில் மதியம் நடை சாத்தினால் மறுபடி திறக்க 4 மணி ஆகிவிடும். அங்கே காத்துக் கிடந்துவிட்டு மாமல்லை போய்ச் சேர்வதற்குள் 6 மணி ஆகி, அங்கேயும் கதவு அடைத்திருப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு திசை, 11 மணிக்குள் தோட்டத்துக்குத் திரும்பிவிடுவது, வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி வெளியே போவது. இந்தக் கணக்கை முதல் நாள் ராத்திரியே விருந்தாளிகளிடம் சொல்லிவிடுங்கள்.

வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை அனுப்பலாம். அதிலும் டிசம்பர், ஜனவரி உச்சம். பிப்ரவரியில் கூடுகளில் குஞ்சுகளைப் பார்க்கலாம். மழை பொய்த்து ஏரியில் தண்ணீர் நிற்காத வருஷத்தில் பறவை வராது. ஆகவே படாளம் கூட்ரோடு பக்கம் யாரிடமாவது "ஏரியில் தண்ணி இருக்கா" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். காலை 6 மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும், இல்லையென்றால் மாலை 4 மணிக்குப் போக வேண்டும். நடுப்பகலில் பல பறவைகள் இரைக்குப் போயிருக்கும். எங்களைக் கேட்டால் மாலைதான். நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்து மரத்தில் இடத்துக்குச் சண்டை போடுவதைக் குழந்தைகள்கூட அலுக்காமல் பார்ப்பார்கள். பைனாகுலர் 8க்கு 42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன் லென்ஸ்) போதும். அதற்கு மேல் பெருக்கம் உள்ளதைக் கையில் பிடித்தால் படம் ஆடும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். ஆளுக்கு ஒரு தொப்பி அவசியம், வெயிலுக்கு மட்டுமல்ல.

இந்த ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊர்க்காரர்களே தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரர்களைத் தடுக்க, 1798இல் கலெக்டர் லயனல் பிளேசிடம் எழுத்து மூலம் உத்தரவு வாங்கியதாகப் பதிவு உண்டு. அதே பிளேஸ்தான் மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையிலும் வருகிறார்: உடையவிருந்த ஏரிக்கரையில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றதைப் பார்த்ததாக. ஒரு பெயர், இரண்டு ஏரி. இதைச் சொல்லி அனுப்பினால் திரும்பும் வழியில் தாங்களாகவே கோயிலுக்கும் போய்வருவார்கள்.

உத்திரமேரூருக்கு எல்லோரையும் அனுப்பாதீர்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சிறியது. விஷயம் தெரியாமல் போனால் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவார்கள். சுவரில் இருப்பது முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஊரை 30 குடும்பாக, அதாவது வார்டாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன குடவோலை முறை அதில் இருக்கிறது. நிற்பவருக்கு வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு வாரியத்தில் (சபையின் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் நிற்கக் கூடாது. இதை ஒரு தாளில் அச்சடித்து விருந்தாளி அறையில் வைத்துவிடுங்கள். அந்தத் தாளோடு போகிறவர்கள் ஒரு மணி நேரம் நிற்பார்கள்.

மாமல்லபுரம் என்றால் காலை 5 மணிக்கே கிளம்ப வேண்டும். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் இரண்டுக்கும் ஒரே சீட்டுதான், அன்றைக்குள் பார்த்துவிட வேண்டும். முதலில் பார்த்த இடத்தில் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவது இடத்தில் முழிப்பவர்கள் அநேகம். அர்ச்சுனன் தபசுக்குச் சீட்டு கிடையாது. கடலில் கால் நனைக்கலாம், இறங்கிக் குளிக்கக் கூடாது, உள்ளிழுப்பு மோசம். திருக்கழுக்குன்றம் அதே வழியில்தான் இருக்கிறது. ஐந்நூறுக்கு மேற்பட்ட படி, வெறுங்காலில் ஏற வேண்டும், 10 மணிக்கு மேல் கல் சுடும். அதற்கு வெயில் தாழ்ந்த பிறகு தனியாகப் போய்வரட்டும். உச்சிவேளையில் அந்த மலைக்கோயிலுக்கு வந்துகொண்டிருந்த கழுகுகள் இப்போது வருவதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாவம்.

ஈ.சி.ஆர் பக்கம் விடுமுறைக் கிழமைகளில்தான் ஏமாறுவார்கள். வடநெம்மேலி முதலைப் பண்ணை திங்கட்கிழமை கிடையாது, முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை கிடையாது. வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டலூர் பூங்காவை விட்டுவைத்தால் அதுவும் செவ்வாய் விடுமுறை.

சரி, 11 மணிக்குத் திரும்பியாயிற்று. இனி 4 மணி வரை தோட்டம்தான்.

பம்ப்செட் குளியல்தான் முதலில் கேட்பார்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரத்தையே குளியல் நேரமாக வைத்துக்கொண்டால் தண்ணீர் வீணாகாது. ஆனால் அதே தண்ணீர் பயிருக்குப் போவதால் சோப்பு, ஷாம்பு கூடாது. இதைத் தொட்டிச் சுவரில் பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். வாயால் சொன்னால் யாரும் கேட்பதில்லை. தொட்டியில் தண்ணீர் மூன்றடிக்கு மேல் வேண்டாம். வழுக்கி விழுவது பாசியால்தான். வாரம் ஒருமுறை தண்ணீரை வடித்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, முதல் தண்ணீரை வயலுக்கு விடாமல் வெளியேற்றிவிட வேண்டும். ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொட யாரையும் விடாதீர்கள். மோட்டார் போடுவதும் நிறுத்துவதும் தோட்டக்காரர் வேலை. எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கிணற்றில் நீந்தத் தெரிந்தவர்களை மட்டும் இறக்குங்கள், அதுவும் படி வழியாக. மேலிருந்து குதிக்கவே கூடாது. போன மாதம் இருந்த தண்ணீர் மட்டம் இந்த மாதம் இருக்காது, கலங்கிய தண்ணீரில் பாறை தெரியாது. காற்றடித்த லாரி டியூப் ஒன்றும் கயிறு கட்டிய குடம் ஒன்றும் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

குட்டையில் தூண்டில் போடுவது மலிவான பொழுதுபோக்கு. ஜிலேபி மீனுக்குச் சின்ன முள்ளும் மண்புழுவும் போதும். புழுவை நீளமாகத் தொங்கவிட்டால் மீன் நுனியைக் கடித்துக்கொண்டு போய்விடும், முள்ளை மூடுகிற அளவுக்குக் கிள்ளிக் கோக்க வேண்டும். தக்கை லேசாக ஆடியதும் இழுப்பதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. உள்ளே அமுங்கிய பிறகு சுண்ட வேண்டும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் நிழல் தண்ணீரில் விழுந்து மீன் கலையும்.

ஏப்ரல், மே என்றால் நுங்கு. மரம் ஏறுகிறவரிடம் முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். சீவியவுடன் மரத்தடியிலேயே கட்டைவிரலால் தோண்டிச் சாப்பிட வேண்டும். முற்றிய கடுக்காய் நுங்கைக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் ராத்திரி வயிற்றுவலிதான். வெயிலில் வெளியே போக முடியாத நாளுக்குப் பல்லாங்குழி ஒன்று வீட்டில் இருக்கட்டும்: 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டையாக 70.

ராத்திரி நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காருவது டிசம்பர், ஜனவரியில் மட்டும். காய்ந்த சவுக்கு 15 கிலோ இரண்டு மணி நேரத்துக்கு வரும். பற்றவைக்கத் தென்னம்பாளை இருக்க பெட்ரோல் எதற்கு? பச்சைக் கட்டை புகையும். கீற்றுக் கொட்டகைக்கு 30 அடியாவது தள்ளி மூட்டுங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல்.

இருட்டிய பிறகு டார்ச்சும் ஷூவும் இல்லாமல் யாரும் வரப்பில் நடக்கக் கூடாது. கண்ணாடி விரியன் வரப்பு ஓரத்திலேயே கிடக்கும். கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவர்களை ராத்திரியில் கடிக்கும், வலிகூடத் தெரியாது. ஆகவே படுக்கை கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகி. கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கையையோ காலையோ அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மந்திரிக்கிறேன் என்று வருகிற பக்கத்துத் தோட்டத்துக்காரரை மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளை மதியம் 2 மணிக்கே வண்டி ஏற்றிவிட வேண்டும். 4 மணி காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் பரனூர் டோலிலிருந்து பெருங்களத்தூர் வரை ஊர்ந்துதான் போக வேண்டும். அதைத் தவறவிட்டவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடும் போட்டு 9 மணிக்கு அனுப்புங்கள். கார் இல்லாமல் வந்தவர்களைச் செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறக்கிவிட்டால் மின்சார ரயிலில் நமக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.