ஓட்டை ஒன்பது, தூண் பத்து

தீபாவளி முறுக்கு டின்னின் அடி தெரிய ஆரம்பித்துவிட்டது. தம்பியின் சர்வர் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை.

மூணு மாசமாகப் பொட்டலம் பொட்டலமாக வந்து சேர்ந்த சாமான். லீவுக்கு வந்தவன் ஹாலில் பாயை விரித்து, ஞாயிறு காலை பசியாறிவிட்டு உட்கார்ந்தவன், மத்தியானம் பூட்டி முடித்துப் பட்டனை அழுத்தினான். காற்றாடி சுற்றவில்லை. விளக்கு எரியவில்லை. ‘டிக்’ என்று மரியாதைக்குக்கூட ஒரு சத்தம் இல்லை. தோட்டத்தில் காலைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வராமல், லயத்து வீட்டில் இழுத்துப் போர்த்திப் படுத்திருக்கும் ஆள் மாதிரி கிடந்தது.

அக்கா கல்யாண வீடியோ, தாத்தா காவடி எடுத்த கேசட், லயத்தை இடிக்கும் முன்னால் எடுத்த படங்கள், இவ்வளவும் ஒரே இடத்தில் சேர வேண்டிய பெட்டி அது. அதனால் துக்கம் விசாரிக்கக் கூட்டம் சேர்ந்தது. எங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கூட்டம் சேர்வதற்கு இவ்வளவு காரணம்கூடத் தேவையில்லை.

முதல் ஆளாகச் சித்தப்பா, கையில் ஸ்க்ரூடிரைவரோடு. ஃபிரிட்ஜ் கதை தெரிந்தவர்கள் எல்லோரும் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள். “ரேமை எல்லாம் கழட்டி ரப்பரால தேச்சு மாட்டுடா” என்றார்.

இங்கேதான் பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். எழாத கம்ப்யூட்டரில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று செத்த மௌனம், இன்னொன்று விக்கல். செத்த மௌனத்துக்கு ரேமைத் தொடவே வேண்டாம். சுவரில் கரண்டு இருக்கும்வரை, கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தாலும், பவர் சப்ளை, அதாவது சுவர்க் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி, 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்று ஒரு வரியை, எல்லாம் மாட்டியிருக்கும் பெரிய போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பல போர்டுகளில் ஒரு மூலையில் சின்ன விளக்கு ஒன்று இதற்காகவே எரியும். அது எரியாவிட்டால், முதலில் தேட வேண்டிய இடம் சுவருக்கும் பவர் சப்ளைக்கும் நடுவில். அந்த நேரத்தில் பிராசசரைத் தூக்கிப் பார்ப்பது, வாசல் கதவு திறக்கவில்லை என்று கூரையைப் பிரிக்கிற வேலை. சாக்கெட் ஊசி ஒன்று வளைந்தால் நல்ல போர்டும் போச்சு.

தம்பியின் போர்டில் விளக்கு எரியவில்லை.

பவர் சப்ளையின் முதுகில் ஒரு கறுப்பு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வட்டம். பெரியம்மா எட்டிப் பார்த்து, “‘ஓ’ன்னு போட்டிருக்கே, ஓன்லதானடா இருக்கு” என்றார். கோடு என்றால் ஒன்று, வட்டம் என்றால் சுழியம். கோட்டுப் பக்கம் அழுந்தியிருந்தால்தான் கரண்டு ஓடும். தம்பி பெருமூச்சு விட்டுக் கோட்டுப் பக்கம் தட்டினான். எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தோம். மறுபடி பட்டன். மறுபடி மௌனம். இப்போது பெரியம்மா சிரித்தார்.

சுவர் பிளக்கில் டேபிள் ஃபேனைச் சொருகிப் பார்த்தாயிற்று, சுற்றியது. ஆக, சுவர் நல்ல சுவர். அதற்குள் அப்பா ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த மீட்டரோடு வந்து சேர்ந்தார். அப்பாவுக்கு எந்தக் கோளாறையும் 1948-இல் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எல்பில் தோட்டத்தில் துரையைச் சுட்ட அந்த ஜூன் 16-ஆம் தேதியில் கிளம்பி, அவசரகாலம், முள்கம்பி வேலி, ரேஷன் அரிசி என்று நடந்து, பவர் சப்ளைக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆனது. வந்து சேர்ந்த பிறகு வேலை சுத்தம்.

போர்டில் இருந்து 24 ஊசி கனெக்டரைக் கழற்றச் சொன்னார். பச்சைக் கம்பி 16-ஆவது ஊசி. அதன் இரண்டு பக்கமும் கறுப்பு. பச்சையையும் கறுப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால் போர்டு இல்லாமலே பவர் சப்ளை எழ வேண்டும். கரண்டை அணைத்துவிட்டுக் கிளிப்பைச் சொருக வேண்டும், பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். இப்போது வருகிற கேபிளில் எல்லாக் கம்பியும் கறுப்பு என்பதால் கையேட்டுப் படத்தை வைத்து எண்ணித்தான் ஆக வேண்டும். காற்றாடி சுற்றவில்லை என்பதை மட்டும் வைத்துச் செத்துவிட்டது என்று முடிவு கட்டவும் கூடாது. சில பவர் சப்ளைகளில் சூடு ஏறினால்தான் காற்றாடி சுற்றும். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்ட வேண்டும், ஊதாக் கம்பியில் 5 வோல்ட். 5 சதவீதம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

மீட்டர் எல்லாவற்றுக்கும் சுழியம் காட்டியது.

“சப்ளை அவுட்” என்றார் சித்தப்பா, சந்தோஷமாக. பெட்டியைத் திறந்து பார்த்துவிடலாம் என்று நாலு திருகில் ஒன்றைச் சுற்றவும் ஆரம்பித்துவிட்டார். அப்பா அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார். பவர் சப்ளைக்குள் ஒரு பெரிய கெப்பாசிட்டர் 380 வோல்ட் அளவுக்குப் பிடித்து வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் விடாது. அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பது வீட்டு வேலை இல்லை.

சித்தப்பா விடவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய பவர் சப்ளையின் கேபிள் மூட்டையைத் தூக்கி வந்தார். “இதுவும் ஆறு ஊசி, அதுவும் ஆறு ஊசி.” ஊர்ப் பிள்ளைகள் ஹார்ட் டிஸ்க்கைக் கருக்குவது இப்படித்தான். டிஸ்க் பக்க முனை எல்லா கம்பெனிக்கும் ஒன்று; பவர் சப்ளை பக்க முனை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல்கூட மாறும். சொருகினால் ஒழுங்காகப் போய் உட்காரும். உட்கார்ந்து, 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட்டை ஊற்றும். தாத்தா காவடி அதோடு சரி. மூட்டை வாசலோடு திரும்பியது.

விற்ற கடைக்குத் தம்பி வாட்சாப் அனுப்பினான். திருப்பி அனுப்பும் தபால் செலவு வாங்கியவர் தலையில் என்று பதில் வந்தது. பதிலோடு ஒரு கும்பிடு ஸ்டிக்கர்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான் தம்பிக்குப் பொறி தட்டியது. மானிட்டருக்குப் போகும் பவர் கார்டை, அதாவது சுவரில் சொருகும் வயரை, பிடுங்கிச் சர்வரில் சொருகினான். போர்டின் மூலையில் பச்சை விளக்கு! வீடே எழுந்து நின்றது. ஃபேனைச் சொருகிச் சுவரைச் சோதித்தவர்களுக்குக் கார்டைச் சோதிக்கத் தோன்றவில்லை. புதுசு, பிளாஸ்டிக் கூடப் பிரிக்காதது என்ற மரியாதை.

நம்ம ஊர் மூணு கால் பிளக்கில் கால்களுக்கு நடுவே சின்ன மூடி ஒன்று இருக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பினால் ஃபியூஸ் வெளியே வரும், ஒரு அங்குல நீளம். வெள்ளைப் பீங்கான் உடம்பு என்பதால் கண்ணாடி ஃபியூஸ் மாதிரி உள்ளே பார்த்து எரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. மீட்டரைப் பீப் போடும் தொடர்ச்சி நிலையில் வைத்து இரண்டு முனையையும் தொட வேண்டும்; பீப் கேட்டால் நல்லது. கேட்கவில்லை. அதைவிட முக்கியம், அதன் மேல் எழுத்து சிவப்பில் இருந்தது. சிவப்பு 3 ஆம்பியர், பழுப்பு 13. புதுக் கார்டில் பழுப்பு வந்ததைத் தம்பி பார்த்திருக்கிறான்.

எல்லார் பார்வையும் மெதுவாக அப்பா பக்கம் திரும்பியது.

தீபாவளிக்கு முந்தின நாள் தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது அம்மாவின் மிக்ஸி நின்றுபோனது. 750 வாட் மிக்ஸியில் யாரோ 3 ஆம்பியர் போட்டு வைத்திருக்கிறார்கள். ஓடும்போதே 3-க்கு மேல் இழுக்கும், தேங்காய் சிக்கிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். அப்பா அவசரத்துக்குத் தம்பியின் கார்டில் இருந்து பழுப்பைக் கழற்றி மிக்ஸியில் போட்டிருக்கிறார். சரி, ஆபத்துக்குப் பாவமில்லை. ஆனால் எரிந்துபோன சிவப்பை எதற்குப் புதுக் கார்டுக்குள் வைக்க வேண்டும்?

“எடம் காலியா இருந்தா எறும்பு பூந்திரும்லா.”

இதற்கு மேல் என்ன பேச?

மறுநாள் காலையில் ஒட்டுக்கடைக்குப் போன கையோடு ஒரு ஃபியூஸ் வாங்கிப் போட்டு, எல்லோரும் சுற்றி நிற்க, தம்பி பட்டனை அழுத்தினான். காற்றாடி கால் சுற்று சுற்றியது. ‘டிக்.’ நின்றது. மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை. சுவிட்சை அணைத்துக் கொஞ்சம் பொறுத்துப் போட்டால் மறுபடி கால் சுற்று, மறுபடி டிக்.

இதுதான் இரண்டாவது ரகம், விக்கல். இது வந்தால் பயப்படுவதைவிடச் சந்தோஷப்படலாம். பவர் சப்ளை உயிரோடு இருக்கிறது, எங்கோ ஷார்ட் என்று கண்டுபிடித்துத் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. சுவரில் அணைத்துச் சில விநாடி விட்டால்தான் அந்தப் பூட்டு விலகும். அதனால்தான் இரண்டாம் தரம் அழுத்தும்போது அசைவே இல்லை.

விக்கலுக்கு மருந்து, கழற்றுவது. டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று, விக்கல் நிற்கவில்லை. பிராசசர் பக்கத்து 8 ஊசியைச் சரிபார்த்தாயிற்று. அது நாலும் நாலுமாகப் பிரிவது; கிராபிக்ஸ் கார்டுக்கான ஆறும் இரண்டுமாகப் பிரிவதை அங்கே அழுத்தித் திணிக்கிற பலசாலிகள் உண்டு, தம்பி திணிக்கவில்லை. கடைசியில் போர்டையே வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்தான். பிராசசர், அதன் கூலர், ஒரே ஒரு ரேம், அவ்வளவுதான். பெட்டியின் பட்டன் இப்போது இல்லை. வீட்டு ரகப் போர்டுகளில் பெரும்பாலும் முன்பக்கக் கம்பிகளுக்கு ஒன்பது ஊசி இருக்கும், பத்தாவது இடம் காலி. அதில் 6-ஐயும் 8-ஐயும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் அதுவே பட்டன். 5-ம் 7-ம் ரீசெட். மாற்றி மாட்டிவிட்டுப் பவர் வரவில்லை என்று அழுபவர்களும் இருக்கிறார்கள்.

தொட்டான். அட்டைப் பெட்டியின் மேல் காற்றாடி ஜம்மென்று சுற்றியது. அம்மா சாமி மேடைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

அட்டையில் எழுகிறது, இரும்புப் பெட்டியில் எழவில்லை என்றால் குற்றவாளி இரும்பு. போர்டு தகட்டில் படாமல் நிற்கப் பித்தளைத் தூண்கள் உண்டு, ஸ்டாண்ட்ஆஃப் என்பார்கள். இந்தப் பெட்டி சித்தப்பா கொடுத்த பழசு. அதில் முன்பு இருந்த போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற அளவு, உயரத்தில் குட்டை. தம்பி போட்டது முழு ஏடிஎக்ஸ். குட்டைப் போர்டின் அடி வரிசைத் தூண்கள் இரண்டில் ஒன்றைத்தான் அவன் கழற்றியிருக்கிறான். முழுப் போர்டுக்கு அந்த இடத்தில் ஓட்டையே கிடையாது. மிச்சமிருந்த தூண், போர்டின் முதுகில் ஈயம் வைத்த புள்ளிகளை நேராகக் குத்திக்கொண்டு நின்றது. போர்டைத் திருப்பி டார்ச் அடித்தால் தெரிந்தது, இரண்டு ஈயப் புள்ளிகளின் தலை தேய்ந்து, மிளகாய் விதை அளவுக்குப் பளபளப்பு.

ஓட்டை ஒன்பது, தூண் பத்து. போர்டைப் பெட்டியில் இறக்கும் முன் இரண்டையும் எண்ணினால் முடிந்த விஷயம். அரை நிமிஷம். நாம் எண்ணியதெல்லாம் எத்தனை முறுக்கு மிச்சம் என்பதைத்தான்.

மூணரை மணிக்கு எல்லாம் பூட்டி, திரையில் எழுத்து ஓட, தம்பி இன்ஸ்டால் போட்டான். அறுபது சதவீதத்தில் குனோங் மலைப் பக்கம் ஒரு உறுமல் கேட்டது. ஐப்பசி மழை நாலு மணிக்கு வராமல் எப்போது வரும்? அம்மா அடுக்களையில் இருந்து வந்த வேகத்தில் டிவி, ரவுட்டர், சர்வர் மூன்றையும் பிடுங்கிவிட்டு, “இடி இடிக்குது தெரியல?” என்றார்.

ஒன்றும் சொல்ல முடியாது. செம்புக் கம்பி டெலிபோன் இருந்த காலத்தில் நம்ம வீட்டில் மூணு மோடம் இடிக்குப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்போது ஃபைபர், கண்ணாடி இழையில் இடி ஓடாது. கரண்டு கம்பியில் ஓடும். யூபிஎஸ் வாங்கலாம்தான். கரண்டு போனதும் யூபிஎஸ் கத்தும், கத்தினால் அம்மா அதையும் பிடுங்குவார்.

ஆகவே தம்பி கோலாலம்பூருக்கு பஸ் ஏறும் முன் இரண்டு காரியம் செய்தான். தினமும் பிற்பகல் மூணு மணிக்குச் சர்வர் தானாக ஒழுங்காக அணையும்படி எழுதி வைத்தான்; டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால்தானே கோப்பு சிதையும். பிறகு பயாஸ் என்ற போர்டின் அமைப்புத் திரையில், கரண்டு போய்த் திரும்பினால் என்ன செய்வது என்ற இடத்தில் ‘பவர் ஆன்’ வைத்தான். ‘லாஸ்ட் ஸ்டேட்’ வைத்திருந்தால் வேலைக்காகாது. கடைசியாக அணைந்த நிலையில் இருந்ததால், கரண்டு வந்தாலும் அணைந்தே கிடக்கும்.

இப்போது அம்மா காலையில் சாமி விளக்கை ஏற்றிவிட்டு, கோப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அதே கையோடு சுவர் சுவிட்சைத் தட்டுகிறார். எரிந்த சிவப்பு ஃபியூஸை அப்பா இன்னும் எறியவில்லை, பட்டன் டப்பாவில் இருக்கிறது. பச்சை விளக்கு வந்ததும் தம்பிக்கு வாட்சாப்பில் ஒரு குரல் செய்தி போகிறது: “எந்திரிச்சிட்டான்லா. நீ எந்திரிச்சிட்டியா? பசியாறிட்டியா?”