மூட்டைப்பூச்சிதானா என்று உறுதி செய்துகொண்ட விதம்

ஒரு நாள் காலையில் எழுந்தபோது என் இடது முன்கையில் மூன்று சிவந்த தடிப்புகள் ஒரே வரிசையில் இருந்தன. அடுத்த வாரம் கழுத்தின் பின்புறத்தில் இரண்டு தோன்றின. அதே படுக்கையில் உறங்கும் என் கணவருக்கு ஒன்றுமே இல்லை என்பதால், கொசுவாக இருக்கலாம், புதுச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ என்றெல்லாம் எண்ணி மூன்று வாரங்களைக் கடத்திவிட்டேன். மூட்டைப்பூச்சி என்ற ஐயம் மனத்தில் எழுந்தும் அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பதற்கும் இந்தப் பூச்சி வருவதற்கும் தொடர்பில்லை. பயணப் பையிலோ, பழைய மரச்சாமானிலோ ஒட்டிக்கொண்டு அது எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடும். இது தெரிந்திருந்தால் முதல் வாரத்திலேயே தேடத் தொடங்கியிருப்பேன்.

மருத்துவர் தடிப்புகளைப் பார்த்துவிட்டு, தோலை மட்டும் வைத்து எந்தப் பூச்சி கடித்தது என்று சொல்ல இயலாது என்றார். கடிபட்டவுடன் சிலருக்குத் தடிக்கும். சிலருக்குத் தடிப்பு வெளிப்படப் பல நாள்கள், இரண்டு வாரங்கள்கூட ஆகும். சிலருக்கு எத்தனை முறை கடித்தாலும் தோலில் அடையாளமே தெரியாது. ஆகவே என் கணவரின் கையில் ஒன்றும் இல்லாதது அவரைப் பூச்சி கடிக்கவில்லை என்பதற்கு ஆதாரமாகாது. மூன்று தடிப்புகள் வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சிதான் என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். தெள்ளுப்பூச்சி கடித்தாலும் அப்படி வரிசையாகத் தடிக்கக்கூடும். பூச்சியையோ அது விட்டுச்சென்ற தடயத்தையோ கண்ணால் பார்க்கும்வரை மருந்து அடிப்பதில்லை, மெத்தையைத் தூக்கி எறிவதில்லை, வேறு அறைக்குப் படுக்கையை மாற்றுவதில்லை என்று அன்று முடிவு செய்தேன். கடைசியாகச் சொன்னது மிக முக்கியமானது. ஆள் இடம் மாறினால், துணிமணிகளோடு பூச்சியும் அடுத்த அறைக்குப் போய்ச் சேரக்கூடும்.

தேடலுக்கு ஒரு நல்ல டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, இடுக்குகளில் நுழைக்க ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டை, ஒட்டும் டேப் ஆகியவை போதும். பகலில் விரிப்புகளை ஒவ்வொன்றாக மெதுவாக எடுத்து, மெத்தையின் நான்கு மூலைகளிலும் தையல் மடிப்பை விரலால் விரித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். மூலை ஒன்றில் பழுப்பு நிறத் தோல் கிடைத்தது. சந்தேகம் தீர்ந்தது, மெத்தையை அன்றே வெளியேற்றிவிடலாம் என்று கை பரபரத்தது. பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தபோது அந்தத் தோல் முழுவதும் அடர்ந்த முடிகள் தெரிந்தன. அது கம்பள வண்டின் புழு உரித்த தோல். கடிப்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மூட்டைப்பூச்சி உரித்த சட்டை, பூச்சியின் வடிவத்தையே அப்படியே கொண்டு, உள்ளே ஒன்றுமில்லாமல், ஒளி ஊடுருவும் வெளிர்பழுப்பில் இருக்கும். முட்டையிலிருந்து வந்த பூச்சி முழு வளர்ச்சி அடைவதற்குள் 5 முறை சட்டை உரிக்கிறது, ஒவ்வொரு முறைக்கும் முன்பு இரத்தம் குடித்தாக வேண்டும் என்பதால், இத்தகைய சட்டைகள் பலவாகக் கிடைத்தால் பூச்சி அங்கேயே வளர்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து, கட்டிலின் தலைமாட்டுப் பலகையைச் சுவரிலிருந்து நகர்த்திப் பார்த்தேன். பலகையும் சட்டமும் சேரும் இடத்தில், மைப்பேனாவால் குத்தியது போன்ற கரும்புள்ளிகள் கொத்தாக இருந்தன. கரப்பான் எச்சமாகவும் இருக்கலாம் என்பதால், ஈரப் பஞ்சால் ஒரு புள்ளியை ஒற்றி எடுத்தேன். பஞ்சில் செம்பழுப்பாகக் கரைந்து பரவியது. செரித்த இரத்தம் அப்படித்தான் கரையும். கரப்பான் எச்சம் பெரும்பாலும் மணல் மணியாக உதிரும். இருந்தும் பூச்சி கையில் சிக்கவில்லை. திருகாணி ஒன்றைக் கழற்றி, அந்தத் துளைக்குள் அட்டையின் முனையை நுழைத்து மெல்ல வழித்தபோது, 5 மில்லிமீட்டர் இருக்கும், தட்டையான, முட்டை வடிவச் செம்பழுப்புப் பூச்சி ஒன்று வெளிச்சத்துக்கு வந்து விரைந்து நடந்தது. சிறகில்லை, ஆறு கால்கள், வயிற்றில் குறுக்கே வரிகள். நசுக்காமல் டேப்பில் ஒட்டி எடுத்தேன். அந்தத் துளையின் விளிம்பிலேயே 1 மில்லிமீட்டர் அளவில் பால்வெள்ளை முட்டைகள் நான்கு ஒட்டிக்கொண்டிருந்தன.

வௌவாலின் இரத்தத்தைக் குடிக்கும் நெருங்கிய இனம் ஒன்று உண்டு. முன்மார்பின் முடி நீளம்தான் முக்கிய வேறுபாடு என்பதால் வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கூரையில் வௌவால் தங்கும் வீடுகளில் பூச்சியியல் தெரிந்தவரிடம் காட்டாமல் முடிவு செய்யக்கூடாது, ஏனெனில் அங்கே மூலகாரணம் கூரைக்குள் இருக்கக்கூடும். எங்கள் கூரையில் அப்படி எதுவும் இல்லை என்றாலும், டேப்பில் ஒட்டிய பூச்சியை அப்படி ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டேன்.

பிறகு மகளின் அறை. அங்கே புள்ளியோ சட்டையோ தென்படவில்லை. அதனால் அந்த அறை தப்பித்தது என்று நம்பிவிட மனம் ஒப்பவில்லை. கட்டிலைச் சுவரிலிருந்து விலக்கி, போர்வை தரையில் படாமல் மடித்து, ஒவ்வொரு காலின் கீழும் உட்புறம் வழவழப்பாகவும் வெளிப்புறம் சொரசொரப்பாகவும் உள்ள பொறிக்கிண்ணத்தை வைத்தேன். ஏறி விழுந்த பூச்சி மீண்டும் ஏற முடியாதபடி உட்புறத்தில் முகப்பவுடர் தூவினேன். மூட்டைப்பூச்சியின் வெப்பமண்டல இனம் வழவழப்பான பரப்பிலும் ஓரளவு ஏறிவிடும் என்பதால் தினமும் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பதினோரு நாள்கள் தூசியைத் தவிர ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் நாள், தலைமாட்டுக் கால் ஒன்றின் கிண்ணத்தில், எள்ளளவே உள்ள, வைக்கோல் நிற இளம்பூச்சி ஒன்று பவுடரில் வழுக்கி வழுக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பூச்சி ஒழிப்பவரை அன்றைக்குத்தான் அழைத்தேன், இரண்டு அறைகளுக்குமாக.