அப்பாவின் விசிடிகளும் கூடத்துக்கு வந்த சின்னக் கணினியும்

மலேசியாவின் சுங்கை சிப்பூட்டில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்குக் கீழே இருக்கும் அலமாரியில், அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து வாங்கிச் சேர்த்த விசிடி தட்டுகள் ஏறக்குறைய முந்நூறு இருக்கின்றன. ஒரு தட்டில் 74 நிமிடப் படம்தான் அடங்கும் என்பதால், மூன்று மணி நேரப் பழைய படம் மூன்று தட்டுகளாக வரும். கதாநாயகி அழுதுகொண்டே கிணற்றங்கரைக்கு ஓடும் நேரம் பார்த்து எழுந்துபோய்த் தட்டு மாற்றுவது, கடைக்குட்டியான என் வேலையாக இருந்தது. சென்ற ஆண்டு அந்த விசிடி கருவி ஒரேயடியாக நின்றுவிட்டது. தட்டுகளில் இருப்பதையெல்லாம் ஒரு கணினியில் ஏற்றி, அதைத் தொலைக்காட்சியோடு இணைத்துவிடலாம் என்று நான் சொன்னபோது அப்பா விதித்த நிபந்தனைகள் மூன்றுதான்: "படம் ஓடணும், பேசுறது கேக்கணும், கையில ஒரு ரிமோட் இருக்கணும். மத்ததெல்லாம் உன் இஷ்டம்யா."

மற்றதையெல்லாம் என் இஷ்டத்துக்கு விட்டதில்தான் முதல் தவறு நடந்தது. அலுவலகத்தில் கழித்துப்போட்ட ஒரு மேசைக் கணினியை, அதில் இன்டெல் ஐ5 செயலி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, மலிவாக வாங்கி வந்தேன். விசிடியில் இருப்பது எம்பெக்-1 என்ற பழைய முறையில் சுருக்கிய படம் என்பதால் அதை எந்தக் கணினியும் தூக்கத்திலேயே ஓட்டிவிடும். அப்பாவின் படங்கள் நன்றாகவே ஓடின. ஆனால் அண்ணன் மகன் கொண்டுவந்த, மிகத் துல்லியமான 4கே படம் ஒன்றைப் போட்டதும் காட்சி விட்டுவிட்டு நகர்ந்தது, உள்ளிருந்த காற்றாடி அரிசி ஆலை போல இரைந்தது. காரணம் எளிது. அந்த ஐ5-3470 செயலி 2012-இல் வெளிவந்தது. இன்றைய 4கே படங்கள் பெரும்பாலும் சுருக்கிவைக்கப்பட்டிருக்கும் எச்ஈவிசி முறையோ 2013-இல்தான் தரநிலையாக ஏற்கப்பட்டது. தான் பிறந்தபோது இல்லாத ஒரு மொழியைப் படித்துச் சொல்லும் தனிச் சுற்று அந்தச் சில்லுக்குள் இருக்க வழியில்லை. ஆகவே பொதுக் கணக்குப் போடும் நான்கு கருக்களும் (கோர்) சேர்ந்து, சுருக்கிய படத்தை ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேம்) மூச்சிரைக்க விரித்துக்கொண்டிருந்தன.

கூடத்துக் கணினிக்குச் செயலியின் வேகத்தைப் பார்க்கக் கூடாது, எந்தெந்தக் காணொளி முறைகளை அது வன்பொருளிலேயே, அதாவது அதற்கென்றே உள்ள தனிச் சுற்றிலேயே, விரிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று அன்று புரிந்தது. இன்டெல் சில்லுகளில் 10-பிட் எச்ஈவிசியை வன்பொருளில் முழுமையாக விரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையிலும், அதைவிடப் புதிய ஏவி1 என்ற சுருக்க முறையை விரிக்கும் வசதி 2020-இல் வந்த பதினோராம் தலைமுறையிலும்தான் வந்தன. யூடியூப் தன் 4கே காணொளிகளை விபி9 அல்லது ஏவி1 முறையில்தான் தருகிறது என்பதால், இனி வாங்குகிறவர்கள் ஏவி1 இல்லாத பெட்டியைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. நான் இறுதியில் எடுத்தது, 2023-இல் வந்த இன்டெல் என்100 செயலி பொருத்திய மினி பிசி என்னும் சின்னக் கணினி. பழைய ஐ5-இன் மின்திறன் வரம்பு 77 வாட். இதற்கு 6 வாட். பெரியதால் முடியாததை இந்தச் சிறியது அலட்டிக்கொள்ளாமல் செய்கிறது.

ராஸ்பெரி பை 5 என்ற ஒற்றைப் பலகைக் கணினியையும் யோசித்துப் பார்த்தேன். அதில், தொலைக்காட்சிக்குப் படமும் ஒலியும் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே தொலைக்காட்சியின் ரிமோட் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் சிஈசி வசதி உண்டு. பெரும்பாலான மினி பிசிகளில் அது இல்லை. அப்பாவின் மூன்றாவது நிபந்தனைக்கு அதுவே பொருத்தம் என்றாலும், ஏவி1-ஐ வன்பொருளில் விரிக்க அதற்குத் தெரியாது என்பதால் மனமில்லாமல் விட்டுவிட்டேன்.

எச்டிஎம்ஐ துளையின் பதிப்பையும் விசாரித்து வாங்குவது நல்லது. 1.4 பதிப்பில் 4கே படம் நொடிக்கு 30 சட்டங்களோடு நின்றுவிடும், 2.0 பதிப்பில் 60 வரை போகும். நம் ஊர் விசிடிகள் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 சட்டங்கள் கொண்டவை. திரை 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பித்து, இயங்கினால் 25-ஐ அதில் சரிசமமாகப் பங்கிட முடியாது. சில சட்டங்கள் இரண்டு முறையும் சில மூன்று முறையும் காட்டப்பட, கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகள் நொண்டும். 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் ஒவ்வொரு சட்டமும் சரியாக இரண்டு முறை. படம் ஓட்டும் கோடி (Kodi) என்ற மென்பொருளில் படத்துக்கு ஏற்பத் திரையின் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் மறந்துவிடலாம். அடுத்து, ஒலி. ஐந்து ஒலிபெருக்கிகளுக்கென்று கலக்கப்பட்ட ஒலியை எங்கள் வீட்டின் பழைய இரட்டை ஒலிபெருக்கிகளுக்குச் சுருக்கும்போது பேச்சு அடங்கிப்போகும் என்பதால், சுருக்கும்போது மூல ஒலியளவைக் குறைக்காதிருக்கும் தெரிவையும் அதே மென்பொருளில் இயக்கி வைத்தேன்.

சேமிப்புக்கு 4 டிபி வட்டு வாங்க இருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு தட்டு நிறைந்திருந்தாலும் 800 எம்பியைத் தாண்டாது. முந்நூறு தட்டுகளுக்கும் 240 ஜிபி போதும். 512 ஜிபி எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொண்டேன்.

விவரப் பட்டியல்களில் இல்லாதவை இந்த ஊரின் வெயிலும் எறும்பும் இடியும். காற்றாடியுள்ள பெட்டி தூசியையும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கதகதப்பான துவாரங்களில் சிற்றெறும்புகள் குடியேறுவதையும் பல்லி முட்டையிடுவதையும் எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆகவே உடம்பெல்லாம் உலோகப் பட்டைகள் கொண்ட, காற்றாடியே இல்லாத வகையை வாங்கி, மூடிய அலமாரியில் வைக்காமல் திறந்த தட்டில் வைத்தேன். சத்தமில்லாத பெட்டி என்ற பெருமை வேறு. துத்தநாகக் கூரையில் மழை கொட்டும் வீட்டில் அந்தப் பெருமைக்குப் பெரிய பயனில்லை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை நேரத்து இடியை நம்பவே முடியாது. மின்கம்பி ஒரு வழி என்றால், கூரைமேல் இருக்கும் செயற்கைக்கோள் தட்டின் கம்பி இன்னொரு வழி. முன்பு ஒரு மழைநாளில் தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐ துளை பழுதானது அந்த வழியாகத்தான் என்று பழுதுபார்த்தவர் சொன்னார். ஃபைபர் இணையம் கண்ணாடி இழை என்பதால் அதன் வழியே மின்னழுத்தம் பாயாது, ஆனால் அதன் மோடத்துக்கும் மின்சாரம் வேண்டுமே. எல்லாவற்றையும் மின்னெழுச்சி தடுக்கும் ஒரே பலகையில் சொருகியிருக்கிறேன். வானம் இருண்டால் அம்மா அதையும் பிடுங்கிவிடுகிறார், தட்டின் கம்பியையும் கழற்றிவிடுகிறார்.

ரிமோட்டுக்கு, யூஎஸ்பி துளையில் சொருகும் வாங்கி (ரிசீவர்) உள்ள, எழுத்துப் பலகை இல்லாத எளிய ஒன்றை எடுத்தேன். முதல் வாரம் அது பத்து முறை அழுத்தினால் நான்கு முறைதான் வேலை செய்தது. அப்பா பழைய கருவியைப் புகழத் தொடங்கிவிட்டார். தட்டு வாசிக்கும் டிரைவ் வழியாகப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோதெல்லாம், அவற்றை நகலெடுத்த யூஎஸ்பி 3.0 வட்டு அந்த வாங்கிக்குப் பக்கத்துத் துளையில் இணைந்திருந்தது. யூஎஸ்பி 3.0 இணைப்பு எழுப்பும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும், ரிமோட் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். வாங்கியை ஒரு நீட்டிப்புக் கம்பியில் மாட்டிப் பெட்டியின் முன்பக்கம் கொண்டுவந்து ஒட்டியதும் கோளாறு தீர்ந்தது.

இதுவரை நூற்றெண்பது தட்டுகளை ஏற்றியாகிவிட்டது. பூஞ்சை பிடித்த சில தட்டுகளை டிரைவ் ஏற்க மறுக்கிறது, அவற்றில் பெரும்பாலானவை ஏனோ மூன்றாம் தட்டுகள். அந்தப் படங்களின் முடிவை அப்பாவே எங்களுக்கு வாயால் சொல்லி முடிக்கிறார்.