ரிக்டரின் ரஹ்மானினோவ்: முதல் எட்டு பார்

ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினோவின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) முதல்முறை கேட்கப் போகிறீர்களா? 1959-இல் வார்சாவில் ஸ்வியாடோஸ்லாவ் ரிக்டர் வாசித்த பதிவை எடுங்கள். வார்சா ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா, நடத்துநர் விஸ்லோட்ஸ்கி, டாய்ச் கிராமஃபோன் வெளியீடு.

தொடக்கம் பியானோ மட்டும், எட்டு பார் (தாளக் கட்டங்கள்). தேவாலய மணி போல ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள். அது ஒலித்ததும் கீழே கனத்த எஃப் சுரம். இப்படியே மாறி மாறி, மெல்ல மெல்லப் பெருகி, படைப்பின் மூல ஸ்தாயியான சி மைனரில் போய் விழும். இடக்கை பத்து சுர அகலம் விரிய வேண்டும். எட்டாதவர்கள் கார்டைப் பிரித்து உருட்டுவார்கள். மணியோசை கொஞ்சம் சிதறும். ரிக்டர் இதை நம்பமுடியாத நிதானத்தில் வாசிக்கிறார். அந்த நிதானம்தான் இந்தப் பதிவின் உயிர்!

அதன்பின் மெட்டு வயலின், வியோலா, கிளாரினெட் கையில். பியானோ அடியில் ஓடும் துணை மட்டுமே, காதை அங்கே வைக்காதீர்கள். இரண்டாம் பகுதியிலும் அப்படித்தான்: முதலில் புல்லாங்குழல், பிறகு கிளாரினெட்.

ஒன்று முக்கியம். தொடக்கம் மெலிதாகக் கேட்கிறதே என்று வால்யூமைக் கூட்டாதீர்கள். முழு ஆர்கெஸ்ட்ரா நுழையும் இடத்துக்கு அளவை வைத்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து போடுங்கள்.

ரஹ்மானினோவே வாசித்த 1929 பதிவும் உண்டு, நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கியோடு. அதை அடுத்துக் கேளுங்கள், வேகம் எவ்வளவு மாறுகிறதென்று தெரியும்.