ஒரு சீ ஃப்யூரியைப் பந்தயத்துக்குத் தயாராக்கிய கதை

2014 ஜனவரியில் அந்தக் கொட்டகைக்குள் நான் முதன்முதலாக நுழைந்தபோது, ஹாக்கர் சீ ஃப்யூரி என்று சொல்லப்பட்ட விமானம் நான்கு இடங்களில் பிரிந்து கிடந்தது. உடற்பகுதி மரத்தாங்கியின் மேலும், இறக்கைகள் சுவரோரமும், வால் பாகங்கள் பரணிலும், எஞ்சினின் மிச்சம் ஒரு தார்ப்பாயின் கீழும் இருந்தன. கொட்டகை கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு பாதாம் தோட்டத்தை ஒட்டியது. உணவுப் பதப்படுத்தும் ஆலைகளுக்கு வெப்பப் பரிமாற்றிகளை வடிவமைப்பது என் தொழில் என்பதை அறிந்த தோட்டக்காரர், ஒரு சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகுமாறு அழைத்திருந்தார். அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலான சனிக்கிழமைகள் எனக்கு அங்கேயே கழிந்தன.

சீ ஃப்யூரி 1945 பிப்ரவரியில் முதன்முதலாகப் பறந்த பிரிட்டானியக் கடற்படைப் போர்விமானம். கொரியப் போரில் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து இயங்கியது. ஈராக் வாங்கி வைத்திருந்தவற்றில் எஞ்சியவை 1970களின் இறுதியில் மொத்தமாக அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுவரப்பட்டன. எங்களுடையது அவற்றுள் ஒன்று. நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் 1964 முதல் நடந்துவந்த விமானப் பந்தயத்தின் அன்லிமிடெட் பிரிவில் அதைப் பறக்கவிட வேண்டும் என்பது உரிமையாளரின் ஆசை. பிஸ்டன் எஞ்சினும் புரொப்பெல்லரும் இருக்க வேண்டும், எடை 4,500 பவுண்டுக்குக் குறையக் கூடாது என்பவற்றைத் தவிர, வடிவமைப்பில் அந்தப் பிரிவு ஏறக்குறைய எதையும் தடுப்பதில்லை. வெற்றுடலிலேயே ஒன்பதாயிரம் பவுண்டைத் தாண்டும் சீ ஃப்யூரிக்கு எடை வரம்பு ஒரு கவலையே அல்ல.

முதல் முடிவு எஞ்சினைப் பற்றியது. சீ ஃப்யூரியுடன் பிறந்த பிரிஸ்டல் சென்டாரஸ் 18 சிலிண்டர்கள் கொண்ட எஞ்சின். மற்ற எஞ்சின்களில் இருப்பதைப் போன்ற வால்வுகள் அதில் இல்லை, சிலிண்டருக்குள் சுழன்றபடி மேலும் கீழும் அசையும் உறைகளே வாயிலைத் திறந்து மூடுகின்றன. வேலைப்பாட்டில் அது ஓர் அதிசயம்தான், ஆனால் அதன் உதிரிப் பாகங்களும் அதைத் தொடத் தெரிந்த கைகளும் உலகில் அருகிவிட்டன. மெர்லின் எஞ்சினைப் பற்றிய பேச்சும் எழுந்தது. போர்க்காலத்தில் மஸ்டாங் விமானத்தின் அவசர நிலைக்கு உள்ளே தள்ளப்படும் காற்றுக்கு 67 அங்குலப் பாதரச அழுத்தமே எல்லையாக இருந்த அந்த எஞ்சினை, முன்னணிப் பந்தயக்காரர்கள் 120 அங்குலத்துக்கு மேல் ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டப்படும் எஞ்சினின் ஆயுளையும் அதற்கு ஆகும் செலவையும் பாதாம் விலையோடு வைத்துப் பார்த்தபோது அந்தப் பேச்சு தானாக நின்றது.

எனவே ரைட் ஆர்-3350. இதுவும் 18 சிலிண்டர் எஞ்சின்தான். ஸ்கைரெய்டர் போர்விமானத்திலும் கான்ஸ்டலேஷன் பயணிகள் விமானத்திலும் ஓடியதால் பாகங்கள் கிடைக்கும்; ஸ்கைரெய்டரில் 2,700 குதிரைத்திறன் தந்தது. 1989இல் மூன்று கிலோமீட்டர் தூரச் சாதனையாக மணிக்கு 528.33 மைல் பறந்த ரேர் பேர் என்ற பேர்கேட் விமானத்திலும் இருந்தது இதே குடும்பத்து எஞ்சின். சீ ஃப்யூரியின் மூக்கில் அமெரிக்க எஞ்சினைப் பொருத்துவதும் எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. சாண்டர்ஸ் குடும்பத்தார் 28 சிலிண்டர் கொண்ட ஆர்-4360 எஞ்சினையே பொருத்தி, ட்ரெட்நாட் என்ற பெயரில் 1983இல் ரீனோவை வென்றிருக்கிறார்கள்.

எங்கள் தலைமை மெக்கானிக் இளமையில் கடற்படையில் ஸ்கைரெய்டர்களைப் பராமரித்தவர். எஞ்சினை மாற்றுவது எளிது, மாற்றியதற்கான கடனை வாலின் நுனிவரை கட்டிக்கொண்டே போக வேண்டும் என்று அவர் முதல் மாதமே சொன்னார். அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

புதிய எஞ்சின் தாங்கியைக் குரோமியம் கலந்த எஃகுக் குழாய்களால் செய்தோம். இரு எஞ்சின்களின் எடையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பழைய ஐந்து தகடுப் புரொப்பெல்லரின் இடத்தில் ஸ்கைரெய்டரின் நான்கு தகடுப் புரொப்பெல்லர் வந்தது. உள்ளீடற்ற எஃகுத் தகடுகளைக் கொண்ட அது, பதின்மூன்றரை அடி விட்டமுள்ள பெரும் பாரம். மூன்று சக்கரங்களின் கீழும் தராசு வைத்து எடை பார்த்தபோது எடை மையம் நாங்கள் அஞ்சியதைவிட முன்னால் நகர்ந்திருந்தது. பாட்டரிகளை வாலை நோக்கித் தள்ளினோம், பின்புறத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு இடம் பார்த்தோம். இறக்கையை மடக்கும் நீரழுத்த உறுப்புகளைக் கழற்றிவிட்டு மூட்டுகளை நிலையாகப் பூட்டியது எடையைக் குறைத்ததே தவிர, மையத்தைச் சரிசெய்ய உதவவில்லை.

அடுத்த கடன் சுழலும் திசை. விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் சென்டாரஸ் இடஞ்சுழி, ரைட் வலஞ்சுழி. மூலச் சீ ஃப்யூரி ஓடுதளத்தில் வேகமெடுக்கும்போது வலப்புறம் இழுக்கும். எங்களுடையது இடப்புறம் இழுக்கும். சீ ஃப்யூரியின் பழைய கையேட்டில் சுக்கான் டிரிம் அமைப்பைப் பற்றி, அதாவது அந்த இழுப்பை ஈடுகட்டச் சுக்கானை முன்கூட்டியே சரிப்படுத்தி வைப்பதைப் பற்றி, எழுதியிருந்த பக்கத்தைத் தலைமை மெக்கானிக் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, விமானியின் கண்ணில் படும்படி கொட்டகைச் சுவரில் ஒட்டி வைத்தார். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருந்த அந்தத் தாள், பழக்கம் காலை ஏமாற்றிவிடும் என்பதை நன்கறிந்தவர் ஒட்டியது.

இறக்கை நுனிகளை வெட்டுவதா என்று ஒரு குளிர்காலம் முழுவதும் விவாதித்தோம். வெட்டினால் நேர்ப்பாதையில் வேகம் கூடும். ஆனால் ரீனோவின் பாதையில் நேர்ப்பகுதி குறைவு. பாதையைக் குறிக்கும் கம்பங்களைச் சுற்றித் திரும்பும்போது விமானம் எழுபத்தைந்து பாகை அளவுக்குச் சாய்ந்து, தன் எடையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கைச் சுமக்க வேண்டும். போதாக்குறைக்குப் பந்தயம் நடந்த ஸ்டெட் விமானத்தளம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,050 அடி உயரத்தில் இருக்கிறது. வெப்பநிலை 30 பாகையைத் தொடும் செப்டம்பர் பிற்பகலில் அங்குள்ள காற்றின் அடர்த்தி எண்ணாயிரம் அடி உயரத்துக் காற்றின் அளவுக்கு இறங்கிவிடும். அந்தக் காற்றில் திரும்ப இறக்கைப் பரப்பு வேண்டும் என்று வாதிட்டவர்களில் நானும் ஒருவன். வெட்டவில்லை. ரிவெட் வரிசைகளை நிரப்பித் தேய்த்து மழமழப்பாக்கிய மாதங்களைப் பற்றி, தோள் வலித்தது என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

என்னை அழைத்த காரணம் எண்ணெயைக் குளிர்விக்கும் வேலை. வழக்கமான எண்ணெய்க் குளிர்விப்பான் காற்றை உள்ளே வாங்கி வெளியே விடுகிறது. அந்தக் காற்றுவாயே வேகத்தைத் தின்னும் இழுவை. பந்தயக்காரர்கள் அந்த வாயை மூடிவிட்டு, குளிர்விப்பானை ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கவைத்து, நீர் கொதித்து ஆவியாகி வெளியேற விடுவார்கள். ஒரு கிலோ நீரை 20 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர உறிஞ்சப்படும் வெப்பத்தைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு வெப்பத்தை, அதே நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்கிறது. ஏறத்தாழ எட்டு மைல் சுற்றளவில் ஆறு அல்லது எட்டுச் சுற்றுகள் என்பதால் பந்தயம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்துக்கும் அதற்கு முன்னும் பின்னுமான பறத்தலுக்கும் போதுமான நீரைச் சுமந்தால் போதும். ஆலைகளில் நான் நாள்தோறும் பார்க்கும் கணக்குத்தான் இது, பாத்திரம்தான் நான்கு மடங்கு எடையைத் தாங்கிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து பறக்கிறது.

அங்கேதான் நான் தவறினேன். முதல் தொட்டியில் தடுப்புத் தகடுகள் போதவில்லை. எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பறந்து கூர்மையாகத் திரும்பியபோது நீராவியோடு கொதிநீரும் வெளியேறும் குழாய்க்குள் ஏறி, எட்டு நிமிடத்துக்கு வேண்டிய நீர் மூன்று நிமிடத்தில் தீர்ந்தது. எண்ணெய் வெப்பமானி மேலே ஏறுவதை விமானி உரிய நேரத்தில் கவனித்து வேகத்தைக் குறைத்தார். இரண்டாவது தொட்டியில் தேன்கூடு போலத் தடுப்புகளை அமைத்து, நீராவி பிரியும் இடத்தை உயர்த்தினேன். ஸ்டெட் உயரத்தில் நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதிக்கும். மலையூர்களில் பருப்பு வேகத் தாமதமாகும் காரணம் எங்களுக்கு அங்கே சாதகமாக அமைந்தது.

வாலைப் பற்றிக் கொட்டகையில் யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை. 2011 செப்டம்பர் 16 அன்று ரீனோவில் கேலப்பிங் கோஸ்ட் என்ற மஸ்டாங் பார்வையாளர் பகுதியருகே விழுந்து, விமானியும் பார்வையாளர் பத்துப் பேரும் இறந்தனர். மூக்கை ஏற்றி இறக்கும் வால் பாகமான எலிவேட்டரின் விளிம்பிலுள்ள சிறு தகடான டிரிம் டேப்பைப் பிடித்திருந்த, தானாகக் கழலாத லாக் நட்டுகள் உள்ளே தேய்ந்து பிடிப்பை இழந்திருந்ததும், திருகு ஒன்றில் விரிசல் இருந்ததும், அதனால் அந்த டேப் உயர்வேகத்தில் படபடத்து முறிந்ததும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் தெரியவந்தன. பெரிய மாற்றங்கள் செய்யப்பட்ட அன்லிமிடெட் விமானங்களுக்குப் பொறியியல் மதிப்பீடும், பந்தய வேகம்வரை பறந்து காட்டிய சான்றும் வேண்டும் என்று அந்த வாரியம் பரிந்துரைத்தது. ஒரு முறை கழற்றிய லாக் நட்டை மறுபடி பூட்டக் கூடாது என்பது எங்கள் கொட்டகையின் விதி. கழற்றியவற்றைப் போட ஒரு காபி டப்பா இருந்தது, அது இருமுறை நிரம்பியது.

ஆவணங்கள் இன்னொரு விமானத்தின் எடை. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. இத்தகைய விமானங்களுக்குச் சோதனைப் பிரிவில், கண்காட்சிக்கும் பந்தயத்துக்கும் எனத் தகுதிச் சான்று தருகிறது. வரைபடங்கள், எடைக் கணக்கு, எங்கே எதற்காகப் பறப்போம் என்ற திட்டக் கடிதம் ஆகியவற்றைத் தந்த பிறகு, மக்கள் நெருக்கமில்லாத ஒரு பகுதிக்குள் மட்டும் சோதனை மணிகளை முடிக்கும்படி விதித்தார்கள். 2017 கோடையில் முதற்பறப்பு நிகழ்ந்தது. வாலில் அதிர்வுமானிகளைப் பொருத்தி, ஒவ்வொரு பறப்பிலும் வேகத்தைப் பத்து நாட் மட்டும் கூட்டி, விமானி கைப்பிடியைச் சட்டெனத் தட்ட, எழுந்த அதிர்வு எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்று கீழே வரைபடத்தில் பார்த்தோம். அடங்கும் நேரம் நீளத் தொடங்கினால் அன்றோடு நிறுத்துவது என்று முன்பே கையெழுத்திட்டிருந்தோம்.

பதினோராவது பறப்பு மணியில் வந்த இடி வாலிலிருந்து வரவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் எண்ணெய் வடிகட்டியைப் பிரித்து வெள்ளைத் துணியில் உதறிப் பார்ப்போம். அன்று துணியில் வெள்ளிச் செதில்கள் மின்னின. முதன்மை இணைப்புத் தண்டின் பேரிங்கில் பூசப்படுவது வெள்ளி. எஞ்சினைப் பிரித்தபோது, கிராங்க் தண்டின் எண்ணெய் வழிகளில் நுண்ணிய கண்ணாடி மணிகள் சிக்கியிருந்தன. எஞ்சினைப் புதுப்பித்துத் தந்த பட்டறையில் பாகங்களைச் சுத்தப்படுத்த அந்த மணிகளைப் பீய்ச்சியடித்தவர்கள், எண்ணெய் வழிகளின் அடைப்பான்களைக் கழற்றிக் கழுவாமல் விட்டிருக்கிறார்கள். பட்டறை பொறுப்பேற்க மறுத்தது. ஓராண்டும், உரிமையாளரின் ஒரு பருவப் பாதாம் வருமானமும் அதில் கரைந்தன. இரண்டாம் முறை, கழுவிய ஒவ்வொரு வழியையும் மெல்லிய ஒளிக்குழாய் கேமராவால் நாங்களே பார்த்த பிறகுதான் மூடவிட்டோம்.

விமானிக்கும் தேர்வு உண்டு. 2019 ஜூனில் ஸ்டெட்டில் நடந்த பயிற்சி முகாமில் நெருங்கிப் பறத்தல், முந்துதல் ஆகியவற்றோடு, எஞ்சின் நின்றால் வேகத்தை உயரமாக மாற்றிக்கொண்டு பாதையிலிருந்து மேலெழுந்து இறங்குதல் ஆகியவற்றையும் அனுபவமிக்கவர்கள் முன்னிலையில் செய்து காட்டினால்தான் செப்டம்பரில் இடம் கிடைக்கும். எங்கள் விமானி முதல் நாளில் முந்தும்போது முன்னால் போன விமானத்தைக் கண்ணிலிருந்து தவறவிட்டதற்காகத் திட்டு வாங்கி, மறுநாள் தேறினார்.

செப்டம்பரில் அந்த வாரம் முழுவதும் கொட்டகையில் செய்ததையே திறந்தவெளியில் செய்தோம். காலையில் முதல் வேலை, கீழ் சிலிண்டர்களில் இரவில் எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று அறிய எஞ்சினை இயக்காமல் புரொப்பெல்லரைக் கையால் சுற்றுவது. எங்காவது தடைப்பட்டால் அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்தாக வேண்டும். மொத்தம் 36 பிளக்குகள் என்பதால் இந்த வேலைக்கு என்னைப் போன்ற தொண்டர்களே தேவைப்பட்டார்கள். அதன்பின் தொட்டியில் நீர், வெடித்தெரிதலைத் தடுக்க எஞ்சினுக்குள் செலுத்தும் நீர்-மெத்தனால் கலவை, எரிபொருள் என்ற வரிசையில் நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் இருவர் கையெழுத்திடுவோம். நீரையும் மெத்தனால் கலவையையும் மாற்றி ஊற்றிவிடும் பயம் எனக்குக் கனவிலும் வந்ததால், இரு தொட்டிகளின் வாய்களையும் வெவ்வேறு அளவில் செய்திருந்தேன்.

எங்களுக்குக் கிடைத்தது மெதுவானவர்களின் பிரிவு. வழிநடத்தும் விமானத்தின் பக்கத்தில் வரிசையாக மலைச்சரிவிலிருந்து இறங்கி வந்தவர்களில் எங்கள் சீ ஃப்யூரி வெளிப்புறத்தில் இருந்தது. ஆறு சுற்றுகள் முடிந்தபோது கடைசிக்கு முந்தைய இடம். சராசரி வேகம் மணிக்கு 370 மைல் அளவில். நான் வேகமானியைப் பற்றி நினைக்கவில்லை, வானொலியில் விமானி சொல்லும் எண்ணெய் வெப்ப எண்களை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். இறங்கியதும் தொட்டியில் மீதமிருந்த நீரை அளந்தோம்: ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்கு. தலைமை மெக்கானிக் வடிகட்டியைப் பிரித்துத் துணியை விரித்தார். துணியில் கரி மட்டும் இருந்தது.

ரீனோவில் அந்தப் பந்தயம் 2023உடன் முடிந்து, 2025இல் நியூ மெக்சிகோவின் ரோஸ்வெல்லுக்கு இடம்பெயர்ந்தது. ரோஸ்வெல் ஏறத்தாழ 3,670 அடி உயரம். அங்கே நீர் கொதிக்க ஒன்றரை பாகை கூடுதலாக வேண்டும், எண்ணெயும் அதற்கேற்பச் சற்றுச் சூடாகவே இருக்கும். மூன்றாவது தொட்டியின் வரைபடம் இப்போது என் மேசையில் இருக்கிறது.