குரங்கம்மைப் பயிற்சியைப் படுக்கை விரிப்பிலிருந்து தொடங்க வேண்டும்

2018ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில், குரங்கம்மை நோயாளி ஒருவரைக் கவனித்த மருத்துவமனைப் பணியாளருக்கும் அந்நோய் தொற்றியது. நோய் இன்னதென்று உறுதிப்படுவதற்கு முன்னர், அந்த நோயாளியின் படுக்கை விரிப்புகளை மாற்றியபோது கிருமி பரவியிருக்கக்கூடும் என்றே கருதப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொற்றுத் தடுப்பு வகுப்பு எடுக்கும்போது நான் முதலில் சொல்வது இந்த நிகழ்வைத்தான். மருத்துவர்களும் செவிலியர்களும் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். விரிப்பை மாற்றுகிறவரும், வார்டைப் பெருக்குகிறவரும், துணிகளைச் சலவைக்கு எடுத்துச் செல்கிறவரும் பெரும்பாலும் அழைக்கப்படுவதே இல்லை. இந்த நோயைப் பொறுத்தவரை அது பெரும் குறை என்பது என் உறுதியான கருத்து.

குரங்கம்மை, கொப்புளங்களையும் புண்களையும் நேரடியாகத் தொடுவதாலும், நெருங்கிய உடல் தொடர்பாலும், பாலுறவாலும், நோயாளி பயன்படுத்திய துணி, துண்டு, போர்வை ஆகியவற்றாலும் பரவுகிறது. நெடுநேரம் முகத்துக்கு முகம் நெருங்கியிருந்தால் சுவாசத் திவலைகளாலும் பரவலாம். உதிர்ந்த பொருக்கிலும் கிருமி இருப்பதால், விரிப்பை உதறுவதும் உலர்ந்த துடைப்பத்தால் அறையைப் பெருக்குவதும் கூடவே கூடாது. விரிப்பை மெதுவாக உட்புறமாகச் சுருட்டி, அந்த இடத்திலேயே பையில் இட்டுக் கட்ட வேண்டும்; தரையை ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினிக் கரைசலால் ஈரத்துணி கொண்டு துடைக்க வேண்டும். இதைச் சொல்லித்தருவதற்குப் படக்காட்சி தேவையில்லை. ஒரு கட்டிலும் ஒரு விரிப்பும் போதும். ஒவ்வொருவரும் தம் கையால் செய்து பார்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2022 ஜூலையிலும் 2024 ஆகஸ்டிலும் இந்நோய்க்காகச் சர்வதேச அவசரநிலையை அறிவித்துப் பின்னர் விலக்கிக்கொண்டது. விலக்கியதனால் கிருமி மறைந்துவிடவில்லை. இந்தியாவின் முதல் நோயாளி 2022 ஜூலையில் கேரளத்தின் கொல்லத்தில் கண்டறியப்பட்டார். 2024 செப்டம்பரில் மலப்புரத்தில் கண்டறியப்பட்டவரிடம் இந்தக் கிருமியின் கிளேட் 1பி என்ற மரபணு வகை இருந்தது. இருவரும் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து வந்தவர்கள். நம் மாவட்டத்திலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குப் போகிறவர்களோ ஏராளம். காய்ச்சலும் கொப்புளமுமாக ஒருவர் முதலில் வந்து நிற்கும் இடம் பெரிய மருத்துவமனையாக இராமல், ஆரம்ப சுகாதார நிலையமாகவோ தெருமுனைத் தனியார் கிளினிக்காகவோ மருந்துக் கடையாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வராமலே இருந்துவிடவும் கூடும். நம் ஊர்களில் கொப்புளம் கண்டால் "அம்மா வந்திருக்கா, ஊசி போடக்கூடாது" என்று வீட்டிலுள்ள மூத்தவர்கள் சொல்வார்கள். வாசலில் வேப்பிலை செருகப்படும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை மருத்துவமனைப் பேச்சே எழாது. இதை மூடநம்பிக்கை என்று வகுப்பில் யாராவது சொன்னால் நான் உடனே மறுத்துவிடுகிறேன். நோயாளியைத் தனியே படுக்கவைப்பதும், அந்த வீட்டுக்குள் வெளியார் வராமல் தடுப்பதும் அந்த வழக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றை மதித்து வீட்டுக்குள் நுழைகிற கிராம சுகாதார செவிலியருக்குத்தான், தலையணையும் துண்டும் பகிரக்கூடாது என்பதையும், கவனித்துக்கொள்ளும் ஒருவர் மட்டுமே கையுறையோடு அருகில் போக வேண்டும் என்பதையும், கைக்குழந்தையும் கர்ப்பிணியும் விலகியிருக்க வேண்டும் என்பதையும் எடுத்துச்சொல்ல முடியும். 2021இல் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். அவர்களையும் இந்தப் பயிற்சியில் சேர்க்க வேண்டும்.

கொப்புளம் எல்லாமே குரங்கம்மை ஆகிவிடாது. நாம் காணப்போவதில் மிகப் பெரும்பான்மை சின்னம்மையாகவே இருக்கும். சின்னம்மையில் கொப்புளங்கள் மேலோட்டமாக, அரிப்போடு, மார்பிலும் முதுகிலும் மிகுதியாக, ஒரே இடத்தில் பல வளர்ச்சி நிலைகளில் காணப்படும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிது. குரங்கம்மையில் அவை ஆழமாக, கெட்டியாக, நடுவில் குழிந்து, ஓரிடத்தில் பெரும்பாலும் ஒரே வளர்ச்சி நிலையில் இருக்கும். உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரும். கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும். ஆனால் 2022க்குப் பிறகு இந்தப் பாடநூல் படம் மாறியிருக்கிறது. பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ வாயிலோ ஓரிரு புண்கள் மட்டும், அதுவும் முன்காய்ச்சல் இல்லாமலே வரலாம் என்பதால், பால்வினை நோய்ப் பிரிவில் பணியாற்றுகிறவர்களுக்கு இந்தப் பகுதியை நான் நிதானமாக எடுக்கிறேன். ஐயம் இருந்தால் பிசிஆர் பரிசோதனை ஒன்றே முடிவு சொல்லும். மாதிரி எடுக்கும்போது கொப்புளத்தை ஊசியாலோ பிளேடாலோ கீறக்கூடாது. ஊசி குத்திக்கொண்டதால் மருத்துவப் பணியாளருக்கே தொற்றிய நிகழ்வுகள் 2022இல் பதிவாகியுள்ளன. பஞ்சுக்குச்சியால் அழுத்தித் தேய்த்து எடுத்தால் போதும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, நோயாளியிடம் கேள்வி கேட்கும் முறை. கடந்த 21 நாட்களில் எங்கே போனீர்கள், யாருடன் நெருங்கியிருந்தீர்கள் என்று கேட்டாக வேண்டும். தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர் வருவார். ஓசூரில் இந்தி மட்டும் அறிந்த தொழிலாளி வருவார். அப்போது மொழிபெயர்க்க உடன்வந்த மைத்துனரையோ மேஸ்திரியையோ நிறுத்திவைத்துவிட்டு, பாலுறவைப் பற்றிய கேள்விக்கு உண்மையான விடையை எப்படி எதிர்பார்ப்பது? மொழி தெரிந்த பணியாளர் ஒருவரை ஒவ்வொரு நிலையத்திலும் முன்னரே அடையாளம் கண்டு, கதவடைத்த அறையில், தீர்ப்புச் சொல்லும் தொனி இல்லாமல் பேசப் பழக்க வேண்டும். ஆணோடு உறவு கொண்டவர் என்று தெரிந்ததும் முகம் சுளிக்கிற ஒருவரால், அவர் மட்டுமன்றி அவருடைய தொடர்பில் உள்ள அனைவரும் நம் கண்ணில் படாமல் போய்விடுவார்கள். 2022 ஜூலை இறுதியில் திருச்சூரில் இறந்த 22 வயது இளைஞருக்கு வெளிநாட்டிலேயே தொற்று உறுதியாகியிருந்தது. அந்த முடிவு மருத்துவமனைக்குத் தெரியவந்தது மிகவும் தாமதமாகத்தான்.

ஐயத்துக்குரிய நோயாளி வந்ததும் முகக்கவசம் கொடுத்து, புண்களைத் துணியால் மூடி, தனியறைக்கு அனுப்பிவிட்டு, மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளே போகிறவர்களுக்குக் கையுறை, மேலங்கி, என்-95 முகக்கவசம், கண்காப்பு ஆகியவை வேண்டும்.

சிகிச்சை பற்றிப் பேசும்போது, தனி மருந்து இல்லையே என்ற சோர்வு வகுப்பில் படர்வதைக் காண்கிறேன். டெக்கோவிரிமாட் என்ற மருந்து காங்கோ ஜனநாயகக் குடியரசில் பரிசோதிக்கப்பட்டபோது, புண்கள் ஆறுவதை அது விரைவுபடுத்தவில்லை. அதே ஆய்வில் எல்லா நோயாளிகளும் மருத்துவமனையில் வைத்து நன்கு கவனிக்கப்பட்டார்கள். மருந்து பெற்றவர், பெறாதவர் என இரு பிரிவையும் சேர்த்து இறப்பு 1.7 விழுக்காடாக இருந்தது. அந்நாட்டில் வழக்கமாகக் கணக்கிடப்பட்டதோ 3.6 விழுக்காடும் அதற்கு மேலும். நீர்ச்சத்துக் குறையாமல் பார்த்துக்கொள்வது, வலியைத் தணிப்பது, புண்ணைத் தூய்மையாக வைப்பது, சீழ் பிடித்தால் உடனே கவனிப்பது, கண்ணைக் காப்பது ஆகிய செவிலியர் பணிகளுக்கு உள்ள ஆற்றலை இந்த எண்களில் நான் பார்க்கிறேன். கண்வலி, மூச்சுத்திணறல், மயக்கம், வலிப்பு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். எச்ஐவி தொற்று முற்றியும் சிகிச்சை பெறாதவரிடம் நோய் மிகக் கடுமையாகும் என்பதால், அந்தப் பரிசோதனையையும் அவருடைய ஒப்புதலோடு செய்துவிட வேண்டும்.

பணியாளர்களின் அச்சத்தையும் நாம் மதிக்க வேண்டும். பெரியம்மை ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது. தோளிலோ கையிலோ அம்மைகுத்திய தழும்புள்ள மூத்த பணியாளர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு, இளையவர்களுக்கு அதுவும் இல்லை. குரங்கம்மைக்குப் பயன்படும் எம்விஏ-பிஎன் தடுப்பூசி நம் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெறவில்லை. பாதுகாப்பின்றி நோயாளியைத் தொட்டுவிட்ட பணியாளரை, அறிகுறி எதுவும் இல்லாதவரை வேலையிலிருந்து விலக்க வேண்டியதில்லை. 21 நாட்கள் கண்காணித்தால் போதும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. இதைத் தூய்மைப் பணியாளர்களிடம், அதிலும் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்களிடம், தெளிவாகச் சொல்ல வேண்டும். கூலி போய்விடும் என்ற பயத்தால்தான் அவர்கள் நடந்ததை மறைக்கிறார்கள்.

அடுத்த வகுப்பைச் சலவைப் பணியாளர்களுக்கும் வார்டு உதவியாளர்களுக்கும் மட்டும் தனியாக, தேன்கனிக்கோட்டைப் பக்கம், தமிழோடு கன்னடத்திலும் தெலுங்கிலும் நடத்த விரும்புகிறேன். அந்த மொழிகளில் இதைச் சொல்லித்தரக்கூடிய செவிலியர்கள் இதைப் படித்தால் என்னோடு வாருங்கள்.