நார்ச்சித் தோலும் மூணு பாட்டில் நுரையும்

போன வருஷம் இங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன் ஜூலை அன்னிக்கு நம்ம வீட்ல பண்ணின பஞ்ச்சை (பழச்சாறும் வைனும் கலந்த பானம்) யாருமே ரெண்டாவது டம்ளர் கேக்கல. கேக்க மாட்டாங்க, ஏன்னா அது பாகற்காய் ஜூஸ் மாதிரி இருந்துச்சு. காலையிலேயே வேலையை முடிச்சிடலாம்னு அதிபுத்திசாலித்தனமா நார்ச்சிய (இங்கத்து ஆரஞ்சு) தோலோட மிக்ஸில அடிச்சு, ஸ்பார்க்ளிங் வைனையும் மொத்தமா ஊத்தி ஃபிரிட்ஜுல வச்சிட்டேன், சாயங்காலம் குதிரை ஓடுற நேரத்துக்கு எடுத்துப் பாத்தா ஒரு குமிழி கூட இல்ல, கசப்பு மட்டும் நல்லா ஊறியிருக்கு.

ஊர்ல இருக்கிறவங்களுக்காக ஒரு வரி: ஜூலைன்னா இங்க மாசம் மட்டும் இல்ல, 1897ல ஆரம்பிச்ச, டர்பன் ஊரு கிரேவில் மைதானத்துல நடக்குற குதிரைப் பந்தயம், ஜூலை முதல் சனிக்கிழமை, இப்போ 2200 மீட்டர் ஓட்டம். ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும், அதுக்கு ஊரே ரெண்டு மாசம் துணி தைக்கும். நாங்க டிவில பாக்குற கோஷ்டிதான். ஜூலைன்னா இங்க குளிர்காலம், ஆரஞ்சு எலுமிச்சை எல்லாம் குவியுற நேரம், அதனால பஞ்ச்சுக்கு இதைவிட நல்ல சீசன் கிடையாது.

நார்ச்சிங்கிறது நம்ம கமலா ஆரஞ்சு ஜாதி, தோல் லேசா உரியும். அந்தப் பேரு நம்ம நாரத்தைல இருந்து வந்ததுன்னு அகராதியிலேயே போட்டிருக்காங்க. பழம் வேற, பேரு மட்டும் கடல் தாண்டி வந்து இங்கத்து மொழியான ஆஃப்ரிகான்ஸ் பேச ஆரம்பிச்சிடுச்சு. இதை நான் பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட சொன்னப்போ அவங்க ரொம்ப நேரம் சிரிச்சாங்க, அவங்க குடும்பம் இங்க வந்து நாலு தலைமுறை ஆச்சு, ஆயா, தாத்தா, சாமி பாட்டு தவிர தமிழ் அதிகம் இல்ல, ஆனா தினமும் ஒரு தமிழ் வார்த்தைய உரிச்சு சாப்பிட்டுட்டு இருந்திருக்காங்க பாருங்க.

இந்த வருஷம் கசப்பை சரி பண்ணினதும் நாரத்தைதான். அம்மா நார்த்தங்காய சுருள் சுருளா நறுக்கி உப்பை அடைச்சு ஜாடியில வச்சா ரெண்டு நாள்ல தண்ணியா விட்டுக்கும் இல்லையா, அதே வேலைய சர்க்கரைய வச்சு பண்ணினேன். பத்து நார்ச்சி, நாலு எலுமிச்சை. கடைல வாங்கின பழத்து மேல மெழுகு பூசியிருப்பாங்க, வெந்நீர்ல நல்லா தேய்ச்சுக் கழுவணும். எலுமிச்சைய உருளைக்கிழங்கு சீவுற பீலர்ல மெல்லிசா சீவணும், நார்ச்சித் தோலை உரிச்சு உள்பக்கம் இருக்கிற வெள்ளைய கரண்டியால சுரண்டிடணும். கசப்பெல்லாம் பெரும்பாலும் அந்த வெள்ளையிலதான் இருக்கு, போன வருஷம் மிக்ஸி அதைத்தான் அரைச்சுக் குடுத்துச்சு. தோல்ல 200 கிராம் சர்க்கரை போட்டு கையாலயே நல்லா பிசைஞ்சு மூடி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில திறந்தா தோல் எல்லாம் சுருங்கி, சர்க்கரை ஈர மணல் மாதிரி மஞ்சளா மினுமினுன்னு எண்ணெய்ல மிதக்குது. வாசனை வாசல் வரைக்கும் வந்துச்சு. பஞ்ச்சோட உயிரே இந்த எண்ணெய்தான், ஜூஸ் வெறும் புளிப்பு.

அப்புறம் பழத்தைப் பிழிஞ்சு அந்த சாறுலயே சர்க்கரைய முழுசா கரைச்சு வடிகட்டினேன், ஏறக்குறைய 700 மில்லி வந்துச்சு. ஒரு துகள் சர்க்கரை, ஒரு சக்கை கூட இருக்கக் கூடாது, ஏன்னா சொரசொரப்பா எது இருந்தாலும் குமிழி அதைப் புடிச்சிக்கிட்டு மேல ஓடிடும், நுரை பொங்கி மேசைல கொட்டும், டம்ளர்ல ஒண்ணும் மிஞ்சாது.

வைன் விஷயத்துல என் கருத்து, பஞ்ச்சுக்கு காஸ்ட்லி பாட்டில் வேண்டாம். இங்க ஷாம்பெயின் முறையில பாட்டிலுக்குள்ளயே ரெண்டாவது தடவை நொதிக்க வைக்கிறதை கேப் கிளாசிக்னு சொல்வாங்க, அதுல முதல்ல வந்தது 1971ல ஸ்டெல்லன்போஷ் ஊர்ல சிமோன்சிக்ங்கிற வைன் பண்ணை பண்ணின 'காப்ஸ ஃபோங்கல்'. கேப் ஊரு மினுமினுப்புன்னு அர்த்தமாம், என் காதுல பொங்கல்னுதான் விழுது, தப்பும் இல்ல. அதையெல்லாம் தனியா குடிங்க. பஞ்ச்சுக்கு பாட்டில் ஸ்டோர்ல மலிவா கிடைக்கிற ப்ரூட் போதும், அதுல இனிப்பு கம்மி, நம்மதான் சர்க்கரை போட்டாச்சே.

மூணு பாட்டில், நல்லா ஜில்லுனு. திறக்கும்போது கார்க்கைப் புடிச்சிக்கிட்டு பாட்டிலைத் திருப்பணும், சினிமால வர்ற மாதிரி குலுக்காதீங்க, கார் டயரை விட ரெண்டு மூணு மடங்கு காத்து உள்ள இருக்கு. பஞ்ச் பௌல் எல்லாம் நம்மகிட்ட ஏது, சாம்பார் வைக்கிற எவர்சில்வர் குண்டான்தான். ஐஸ்கிரீம் டப்பால தண்ணி ஊத்தி உறைய வச்ச ஒரே பெரிய கட்டி ஐஸ் (சின்ன ஐஸ் சீக்கிரம் கரைஞ்சு பஞ்ச் நீர்த்துப் போகும்), அது மேல சாறு, டிவில குதிரைங்க ஸ்டார்ட்டிங் கேட்டுக்குள்ள போகும்போதுதான் வைன், ஓரமா சரிச்சு ஊத்தி அடியிலிருந்து ஒரே ஒரு தடவை கிளறினேன். விரதம் இருக்கிறவங்களுக்கும் பசங்களுக்கும் சாறை முன்னாடியே கொஞ்சம் எடுத்து வச்சு சோடா கலந்தாச்சு.

மூணு லிட்டருக்கு இருபது டம்ளர் வந்துச்சு, பந்தய ரீப்ளே முடியுறதுக்குள்ள குண்டான் காலி. ஒண்ணு மட்டும், இனிப்பா இறங்குதேன்னு ஏமாறாதீங்க, கணக்குப் போட்டா ஆல்கஹால் 9 சதவீதம் கிட்ட வருது, பியரை விட ஜாஸ்தி. கார்ல வந்த ரெண்டு பேர் சாவிய ஆன்ட்டி வாங்கி மசாலா டப்பாக்குள்ள போட்டுட்டாங்க.

மறுநாள் வீடியோ கால்ல அம்மா, சமையல் மேடை மேல இருந்த பாட்டிலைப் பாத்துட்டாங்க. வடிகட்டின தோலை நான் அதுல போட்டு வச்சிருந்தேன், டீயில போட்டா நல்லா இருக்கும்.

"என்னடா அது, நாரத்தையா?"

"ஆமாம்மா, இங்கத்து நாரத்தை. சர்க்கரைல ஊறப் போட்டேன்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டு சொல்றாங்க, "இங்க பாருங்க, உப்புக்குப் பதிலா சர்க்கரையக் கொட்டியிருக்கான், அதையும் வெளிய சொல்றான்."